தொன்லே சாப்பில் மாமாவோடு ஒரு நாள்

சியெம் ரியப் போகிறவர்கள் அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்ப்பார்கள், இரவுச் சந்தையில் பேரம் பேசுவார்கள். மூன்றாம் நாள் நேரம் மிச்சமிருந்தால் தொன்லே சாப் ஏரிக்குப் போவார்கள். நாங்கள் முதல் நாளே ஏரிக்குப் போனோம். காரணம், என் மாமா.

மாமா நம் தரைப்படையில் சிக்னல்காரராக இருந்தவர். 1992-இல் ஐ.நா. அமைதிப்படையோடு கம்போடியா போனபோது அவருக்கு இருபத்து நான்கு வயது, எனக்கு மூன்று. நீலத் தொப்பியோடு அவர் நிற்கும் படம் ஈப்போ வீட்டு வரவேற்பறையில் இன்னும் மாட்டியிருக்கிறது. அதைப் பற்றி யார் கேட்டாலும், "வெயில்தான், வேற என்ன" என்று முடித்துவிடுவார். போன மார்ச்சில் நான் விடுமுறைக்கு டிக்கெட் எடுத்ததைக் கேள்விப்பட்டு, அவரே போன் செய்தார். "நானும் வரட்டா மா?"

கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். மலேசியக் கடப்பிதழுக்கு விசாவும் தேவையில்லை. நான் காலை வானொலி நிகழ்ச்சி செய்கிறவள் என்பதால் பையில் ஒலிப்பதிவுக் கருவி எப்போதும் இருக்கும். மிதக்கும் கிராமம், படகுச் சத்தம், சிறுவர்களின் சிரிப்பு என்று ஐந்து நிமிட நிகழ்ச்சிக்கான திட்டம் மனதில் தயாராக இருந்தது.

சொங் க்னியாஸ் படகுத்துறை, சியெம் ரியப் நகரத்திலிருந்து தெற்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர். பக்கத்தில் புனோம் குரோம் குன்று. மேலே ஆயிரம் வருடத்துக்கு முந்திய பாழடைந்த கோயில். மார்ச் மாதம் வறட்சிக்காலம். குறுகலான வாய்க்காலில் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். படகின் விசிறி சேற்றைக் கிளறிக்கொண்டே போனது.

இந்த ஏரி வித்தியாசமானது. மழைக்காலத்தில் மெக்கோங் நதி பெருகும்போது தொன்லே சாப் ஆறு திசை மாறி, தண்ணீர் ஏரிக்குள் பின்னோக்கி ஏறும். ஏரி நான்கைந்து மடங்கு விரியும். மழை ஓய்ந்ததும் அதே ஆறு மறுபடி புனோம் பென் பக்கம் ஓடும். வீடுகளும் தண்ணீரோடு சேர்ந்து இடம் மாறும். பள்ளிக்கூடம், மளிகைக் கடை, கோயில் எல்லாமே மிதப்பவைதான்.

வாய்க்கால் முடிந்து ஏரி திறந்தபோது மாமா பேச ஆரம்பித்தார். நான் கருவியை எடுக்கவில்லை. எடுத்தால் நிறுத்திவிடுவார் என்று தெரியும்.

1991 அக்டோபரில் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த வருடம், கம்போடியாவில் தேர்தல் நடத்தவும் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கவும் அன்டாக் என்ற ஐ.நா. அமைப்பு வந்தது. சுமார் 22,000 பேர். மலேசியா ஒரு பட்டாளத்தையும் காவல்துறையினரையும் அனுப்பியது. சிங்கப்பூரும் காவல் அதிகாரிகளை அனுப்பியது. அவர்களில் கடற்படைப் பிரிவும் ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நியூசிலாந்து, உருகுவே, சிலி போன்ற நாடுகளின் வீரர்கள், நானூறு பேருக்கும் குறைவு. கடற்கரை, மெக்கோங், இந்த ஏரி எல்லாவற்றையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். ஆயுதம் கடத்தப்படுகிறதா, படைகள் நகர்கின்றனவா என்று கண்காணிப்பதே அவர்கள் வேலை.

"ரோட்டுல தடுப்பு போடலாம் மா. தண்ணியில எங்க போடுவ?" என்றார் மாமா.

1993 மார்ச் 10-ஆம் தேதி இரவு, நாங்கள் நின்ற இதே சொங் க்னியாஸில் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். இங்கே மீன்பிடித்து வாழ்ந்த வியட்நாமிய வம்சாவளிக் குடும்பங்கள் மீது சுட்டார்கள். 33 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. ஐ.நா. விசாரணை கெமர் ரூஜ் படையினரைக் கைகாட்டியது.

அதன் பிறகு ஏரியே காலியானது. குடும்பம் குடும்பமாகப் படகிலேயே கிளம்பினார்கள். மார்ச்சில் ஆறு வெளியே ஓடுவதால் நீரோட்டமும் அவர்களோடு போனது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புனோம் பென் வழியாக வியட்நாம் எல்லைக்குப் போனார்கள். அமைதிப்படையின் படகுகள் வழியெங்கும் அவர்களைக் கண்காணித்தன. அவர்களைக் காப்பதற்கென்று தனி அதிகாரம் அந்தப் படைக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. பொதுமக்களைப் பாதுகாக்கலாம் என்று பாதுகாப்பு மன்றம் ஓர் அமைதிப்படைக்கு வெளிப்படையாக எழுதிக் கொடுத்தது 1999-இல், சியரா லியோனில்தான்.

"நாங்க மேற்குப் பக்கம் இருந்தோம். ஏரியைப் பார்த்ததே இல்லை. செட்டுல நம்பர் மட்டும் வரும். இன்னைக்கு இத்தனை படகு, இத்தனை பேர்னு. நான் எழுதிக் கொடுப்பேன். அப்புறம் போய்ப் பசியாறுவேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

வானொலிக்காரி என்பதால் எனக்கு இன்னொரு விஷயமும் உறுத்தியது. அதே காலத்தில் அன்டாக் ஒரு வானொலியும் நடத்தியது. 1992 நவம்பரில் தொடங்கிய அதைக் கேட்க, ஜப்பானிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரேடியோப் பெட்டிகள் நன்கொடையாக வந்தன. உங்கள் ஓட்டு ரகசியம், யாரும் பார்க்க முடியாது என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. மே மாதத் தேர்தலில் பதிவு செய்தவர்களில் கிட்டத்தட்ட 90 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அதே வான்வெளியில் கெமர் ரூஜ் வானொலி வியட்நாமியர் மீது வெறுப்பை ஓதிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே மைக்ரோபோன்தான். நான் தினமும் காலை ஆறு மணிக்கு உட்காருவதும் அப்படி ஒன்றின் முன்னால்தான்.

மதியம் ஒரு மிதக்கும் கடையில் கோப்பி குடித்தோம். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வழிகாட்டி மொழிபெயர்த்தார். அவர் இந்த ஏரியில்தான் பிறந்தாராம். 1993-இல் கைக்குழந்தையோடு எல்லைவரை போய், அங்கே பல வருடம் படகிலேயே கிடந்து, பிறகு திரும்பியவர். பிறந்த நாட்டில் இன்றுவரை குடியுரிமைக் காகிதம் இல்லை. அவரைப் போல இந்த ஏரியில் நிறையப் பேர்.

மாமா என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே நினைப்புதான். என் பாட்டி, அதாவது அவருடைய அம்மா, தோட்டத்திலேயே பிறந்து, பால் மரம் சீவி ஐந்து பிள்ளைகளை வளர்த்து, சிவப்பு அடையாளக் கார்டோடுதான் கண் மூடினார். ஒரு மகன் இந்த நாட்டுச் சீருடையில் அமைதி காக்கப் போயிருந்தார். அம்மாவுக்கு நீலக் கார்டு வரவில்லை.

"இவங்களும் அந்த நம்பர்ல ஒருத்தங்க" என்றார் மாமா. பிறகு வழிகாட்டியிடம், அந்த அம்மாவின் பெயரைக் கேட்கச் சொன்னார். பெயரைத் தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார், எழுத்து சரியா என்று இரண்டு முறை கேட்டு.

கம்போடியாவுக்குப் பிறகு தண்ணீரில் அமைதிப்படை வேலை பெருகியிருக்கிறது. கொங்கோவின் ஏரிகளில் உருகுவே வீரர்கள் ரோந்து போயிருக்கிறார்கள். தென்சூடானில் வெள்ளை நைல் நதியில் உணவு ஏற்றிய படகுகளுக்கு வங்காளதேசக் கடற்படையினர் காவல் போயிருக்கிறார்கள். 2006-இல் லெபனான் கடலுக்கும் ஐ.நா. கப்பல்கள் போயின, அந்நாட்டின் தரைப்பகுதியில் நம் மலேசிய வீரர்கள் 2007 முதல் பணியாற்றியிருக்கிறார்கள். செய்தியில் இவை ஒரு வரியாக வந்து போகும். நானே அப்படிப் பலமுறை வாசித்திருக்கிறேன்.

நீங்கள் போனால் சில குறிப்புகள். படகு ஏறும் முன் மொத்தக் கட்டணத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வீடுகளுக்குள் கேமராவை நீட்டும் முன் கேளுங்கள். நவம்பர் வாக்கில் தண்ணீர் நிறைந்து ஏரி அழகாக இருக்கும். மார்ச்சில் போனால் சேறுதான். ஆனால் கூட்டம் குறைவு, பேச நேரம் கிடைக்கும்.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை, ஐந்து நிமிடப் பகுதியில் சிரிப்புச் சத்தத்துக்குப் பதிலாக இந்தக் கதையைச் சொன்னேன். பாட்டு ஓடும்போதே மாமாவிடமிருந்து போன் வந்தது. நன்றாக இருந்தது என்று சொல்வார் என நினைத்தேன்.

"இறந்தவங்க கணக்கு சொன்ன. காயம் பட்டவங்களைச் சொல்லாம விட்டுட்டியே மா. அவங்களையும் எண்ணணும்."

அடுத்த பாட்டு முடிந்ததும் சொன்னேன்.