மதிப்பெண் சொல்லாதது

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. பாலை அளக்க ஆழாக்கு உண்டு. துணியை அளக்க முழக்கோல் உண்டு. மாணவர் கற்றதை அளக்க என்ன உண்டு? இவ்வினாவோடுதான் கல்வி அளவீட்டியல் என்னும் துறைக்குள் நாங்கள் அடியெடுத்து வைத்தோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தலும், ஆய்வும், வினாக்களைச் சோதித்தலுமாக எங்கள் பணிக்காலம் கழிந்தது. ஓய்வு பெற்றுள்ள இந்நாளில், அவ்வினாவுக்கு எங்களுக்குக் கிடைத்த விடையை வாசகர்முன் வைக்க விழைகிறோம்.

எங்கள் துறை இன்னதென்று அறிந்தவர் சிலரே. "தேர்வைப் பற்றி ஆராய்கிறவர்களாயிற்றே, எங்கள் பிள்ளை கூடுதல் மதிப்பெண் பெற வழி சொல்லுங்கள்" என்று கேட்கும் உறவினரே மிகுதி. எங்கள் ஆராய்ச்சியோ வேறு. ஒரு மதிப்பெண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே எங்கள் கேள்வி.

இக்கேள்வி பழையது. எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர், தேர்வு மதிப்பெண்ணில் தற்செயலுக்குள்ள பங்கை 1888-ஆம் ஆண்டிலேயே புள்ளியியல் வழியில் ஆராய்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்களுள் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரும் உண்டு. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராயிருந்த சர் பிலிப் ஹார்டாக், பின்னாளில் இங்கிலாந்தில் ரோட்ஸ் என்பாருடன் சேர்ந்து தேர்வுகளையே தேர்வுக்கு உள்ளாக்கினார். ஒரே நடுத்தர மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர்கள் திருத்தினார்கள். ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அதே தாள்கள் அவர்களிடமே மீண்டும் கொடுக்கப்பட்டன. தோல்வி, தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என்று அவர்கள் அளித்த 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின! 1935-இல் வெளிவந்த அந்நூலின் முடிவு இன்றும் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. விடைத்தாள் மாறவில்லை, திருத்தியவரும் மாறவில்லை, தீர்ப்பு மட்டும் மாறிற்று.

திருத்துவோரின் கவனக்குறைவு என்று இதனைத் தள்ளிவிட முடியாது. எவ்வளவு செம்மையாக அமைத்த தேர்விலும் பிழைக்கு இடமுண்டு. ஒரு தேர்வின் நம்பகக் கெழு 0.91 என்றும், மதிப்பெண்களின் திட்டவிலக்கம் 10 என்றும் கொள்வோம். இது நல்ல தேர்வுதான். ஆயினும் அதன் அளவீட்டுத் திட்டப்பிழை 3 மதிப்பெண். ஆகவே 60 பெற்ற மாணவியின் மெய்யான நிலை ஏறத்தாழ 57-க்கும் 63-க்கும் இடையில் இருக்கலாம் என்றே சொல்ல இயலும். அதையும் மூன்றில் இரண்டு பங்கு உறுதியோடுதான் சொல்லலாம். அப்படியிருக்க, 60 பெற்றவளைவிட 61 பெற்றவள் அறிவில் உயர்ந்தவள் என்று எவ்வாறு துணிவது? அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொண்டு ஒருத்திக்குக் கதவைத் திறந்து, மற்றவளுக்கு அடைப்பது எவ்வகையில் நீதியாகும்?

நம்பகத்தன்மை மட்டும் போதாது, ஏற்புடைமையும் வேண்டும். எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதைத்தான் அளக்கிறோமா? அமெரிக்காவில் பிரிங்கம் என்னும் உளவியலார், முதல் உலகப் போர்க்காலத்து இராணுவத் தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு, சில நாடுகளிலிருந்து குடியேறியோர் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று 1923-இல் எழுதினார். மொழியும் வாழ்க்கைச் சூழலும் வேறான மக்களை அத்தேர்வு எவ்வாறு அளக்கும்? 1930-இல் தம் முடிவுக்கு அடிப்படையே இல்லை என்று அவரே அச்சில் எழுதித் திரும்பப் பெற்றார். ஏழு ஆண்டுகள் அந்த எண்கள் மனிதரைத் தாழ்த்தி நின்றன. எண்ணுக்கு நாணம் இல்லை. அதைக் கையாளுகிறவருக்கு இருக்க வேண்டும்.

அப்படியானால் தேர்வே வேண்டாமா? அவ்வாறு நாங்கள் கூறவில்லை. தேர்வு இல்லாத இடத்தில் பரிந்துரையும் செல்வாக்கும் வந்து அமர்ந்துகொள்ளும்; அப்போது முதலில் இழப்பவர் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. ஒரே தேர்வைக் கொண்டு ஒரு வாழ்வைத் தீர்மானிக்காதீர் என்பதே எங்கள் வேண்டுகோள். பல வாய்ப்புகள் தருக. பலவகை வினாக்கள் கேட்க. எல்லைக்கோட்டில் நிற்பவரின் விடைத்தாளை இன்னொருவரும் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017-இல் கைவிடப்பட்டபோது, அதை நன்மையான மாற்றமென்றே நாங்கள் வரவேற்றோம்.

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பெற்றோர் ஒன்றை நினைவில் கொள்வார்களாக. கையில் வரும் அந்தத் தாள், சில மணி நேரத்தில் சில வினாக்களுக்குப் பிள்ளை எழுதியதைப் பற்றி ஒருவர் தந்த கணிப்பு. அதன் இருபுறமும் பிழையின் இடைவெளி இருக்கிறது. அந்த எண்ணைப் பார்ப்பதற்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்; சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அளந்து அளந்தே ஆயுளைக் கழித்த நாங்கள் கண்டறிந்து சொல்லக்கூடியது இதுவே.