‘எண்ணங்கள்’ வாசித்த பெடியன்

எங்கட அச்சுவேலிப் பெடியன் ஒருவன் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ என்ற முன்னேற்றப் புத்தகத்தை அட்டை கிழியும்வரை வாசித்திருக்கிறான். பக்கமெல்லாம் பென்சில் கோடு. விடிய வெள்ளன எழும்பும் பழக்கம் அதில் வந்ததுதான், அதை மதிக்கிறேன். ஆனால் அவன் பயிரிட்ட வெங்காயத்தின் விலை விழுந்து கடன் ஏறினபோது, தன் மனவுறுதிதான் காணாதென்று தன்னையே நொந்துகொண்டான். அதுதான் எனக்குத் தாங்கேல்லை.

ஒருவன் தனிய எழும்பிற கதை எங்கட ஊரில் இல்லை. 1995 ஒக்ரோபர் 30இல் போரால் அச்சுவேலியோட வலிகாமமே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்து வளவு துப்புரவாக்கி, கிணறு இறைத்து எழும்பினது ஆரும் தனிய இல்லை. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயத்தைக் குடும்பத்தினதும் சமூகத்தினதும் காயமாகவே எழுதினார். ஆற்றுப்படுத்தலும் சமூகத்தோடு சேர்ந்தே நடக்கவேணும் என்று வலியுறுத்தினார். முன்னேற்றப் புத்தகங்களில் இப்படிச் சேர்ந்து நிற்கிற அயல் பெரும்பாலும் இல்லை.

தம்பி, கடன் கதையை உனக்குள்ளேயே பூட்டி வைக்காதை. பின்னேரம் வா, கமக்காரர் அமைப்பு ஆக்களோட கதைப்பம்.