தாத்தா, எது பலமான பசை?

ரிமோட் கார் ஓட்டும் பேரன் கேட்ட கேள்வி இது. லீவுக்குக் காஞ்சிபுரம் வந்தவன், 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஆறைச் சேர்த்து 7.2 வோல்ட் பேட்டரி செய்யப் பார்த்தான். ரிட்டயர் ஆனாலும் வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? "பலத்தைக் கேட்காதே. சூட்டிலும் குலுக்கலிலும் என்ன ஆகும் என்று கேள்" என்றேன்.

நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் காய்ந்ததும் விறைத்துவிடும். கார் குதித்தால் விண்டுபோகும். துப்பாக்கியில் உருக்கி வைக்கும் பசை, செல் சூடேறினால் இளகும். எபாக்சி விடாப்பிடி, ஒரு செல் செத்தாலும் பிரித்து மாற்ற முடியாது. நம் ஊர்ப் பட்டைப் பாருங்கள். புழு தன் இழைகளைச் செரிசின் என்ற பசையால் ஒட்டுகிறது; சோப்பு நீரில் கொதிக்கவைத்து அதை நீக்கினால்தான் பளபளப்பு. தேவைப்படும்போது விலகுவதும் நல்ல பசையின் குணம்தான்.

சிலிகான் ரப்பர்போல் வளையும். பிளேடால் அறுத்தும் எடுக்கலாம். ஆனால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று போட்டதை வாங்கி ஒட்டி, ஒருநாள் காயவிட்டோம்.

பிள்ளைகள் உள்ள வீட்டார் இரண்டை மறக்காதீர்கள். செல்லின் உடம்பே நெகட்டிவ் முனை. மேலுறை கிழிந்திருந்தால் பசையை நம்பாமல் புது உறை போடுங்கள். பாசிட்டிவ் குமிழருகே வாயு வெளியேறும் வழி உண்டு. பசை அதை அடைத்தால் செல் வெடிக்கலாம். பக்கவாட்டில் மட்டும் ஒட்டுங்கள்.