ஹவுராவோடு முடியாத தடம்

கியூலிலிருந்து ஹவுராவுக்கு ரயிலில் வர இரண்டு வழிகள். ஜாஜா, ஆசன்சோல் வழியே வருவது நேர்வழி. இன்னொன்று அதற்கு மூத்தது. பாகல்பூர், சாஹிப்கஞ்ச், பாகுர், ராம்பூர்ஹாட் என்று சுற்றி, கானா சந்திப்பில் நேர்வழியோடு சேரும். 1860களின் தொடக்கத்தில் முழுமை பெற்ற இதற்கு சாஹிப்கஞ்ச் லூப் என்று பெயர். ஏன் இந்தச் சுற்று? ராஜ்மஹால் குன்றுகள் குறுக்கே நிற்கின்றன. கிழக்கே ஓடிவரும் கங்கைகூட சாஹிப்கஞ்சைத் தாண்டியதும் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் தெற்கே திரும்புகிறது. ஆற்றையும் ரயிலையும் ஒருசேர வளைத்த அந்தப் பாறை, சுமார் 11.7 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வழிந்து உறைந்தது. பூமித் தட்டுகள் நகர்வதற்குச் சான்று கேட்டால் பாடப்புத்தகம் ஹவாய்த் தீவுகளைக் காட்டும். கொல்கத்தாக்காரருக்கு இந்த லூப் லைன் போதும் என்பேன்.

இந்த லூப்பிலுள்ள ஜமால்பூர் சுரங்கப்பாதை குடைந்திருப்பது இதைவிட மிகப் பழைய பாறையில், அதை விட்டுவிடலாம். சாஹிப்கஞ்சுக்குப் பிறகு தீன்பஹார், பர்ஹர்வா, பாகுர் வரை மேற்கே கல்குவாரிகள்தான். பாகுர் ஜல்லி வங்காளத்தின் தண்டவாளங்களுக்கு அடியிலும் கான்கிரீட்டிலும் கிடக்கிறது. ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்தால் கண்ணுக்குப் படிகமே தெரியாத கறுப்பு. அங்கங்கே வாயுக்குமிழி விட்டுப்போன ஓட்டைகளில் வெள்ளைத் தாது நிரம்பியிருக்கும். சென்னைப் பல்லாவரத்தில் நாம் கருங்கல் என்று சொல்வது வேறு. அது ஆழத்தில் உருவான சார்னோக்கைட். கொல்கத்தா புனித ஜான் தேவாலயத்தில் ஜோப் சார்னாக் கல்லறைமேல் கிடப்பதும் அந்த வகைதான், பெயரே அங்கிருந்து வந்தது. பாகுர் கல் பாசால்ட். தரைமேல் சட்டென்று ஆறியபோது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய காந்தப்புலத்தின் திசையை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டன. நிலநடுக்கோட்டில் அந்தத் திசை கிடையாக இருக்கும், துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகும். ராஜ்மஹால் கல்லில் சாய்வு சுமார் 65 டிகிரி; கணக்குப் போட்டால் 47 டிகிரி தெற்கு அட்சரேகை வருகிறது. இன்று அதே கல் 25 டிகிரி வடக்கில். பாறை பின்னாளில் சாய்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் ராஜ்மஹாலின் குழம்பு அடுக்குகள் இன்றும் ஏறக்குறையக் கிடையாகத்தான் படுத்திருக்கின்றன. பாறை சாயவில்லை என்றால், நகர்ந்தது நிலம்.

ராம்பூர்ஹாட், போல்பூர் தாண்டி கானாவுக்கு வந்தால் பாறை கண்ணில் படாது, வயல்தான். வங்காளச் சமவெளியின் மேற்கில் 1950களில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் வண்டலுக்கு அடியில் அதே பாசால்ட்டைக் கண்டார்கள். ஹவுராவில் தண்டவாளம் முடிகிறது; தடம் முடியவில்லை. வங்காள விரிகுடாவின் சேற்றுக்கு அடியிலிருந்து 90 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி, ஏறத்தாழ 5000 கி.மீ. நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் கடலடியில் தெற்கே போகிறது. 1988இல் ஜாய்டெஸ் ரெசொல்யூஷன் கப்பல் அதில் மூன்று இடங்களில் துளையிட்டது. எடுத்த கல்லின் வயது வடக்கே சுமார் 8 கோடி, நடுவில் 6 கோடி, தெற்கே 4 கோடி ஆண்டுகள். தொடரின் காந்தப் பதிவுகளோ, கல் இன்று எங்கே கிடந்தாலும் 50 டிகிரி தெற்குக்குப் பக்கத்தில் உறைந்ததாகவே சொல்கின்றன. தையல் மெஷினில் ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்க, துணிதான் நகர்கிறது. ஆழத்திலிருந்து ஓரிடத்தில் குழம்பு மேலேறிக்கொண்டே இருக்கும் கெர்குலன் வெப்பப்புள்ளி ஊசி, இந்தியத் தட்டு துணி. தையலை அளந்தால் ஆண்டுக்கு 10 செ.மீ. அளவு வேகம் கிடைக்கிறது. ஆசியாவோடு மோதிய பின் அதில் பாதிதான் மிச்சம்.

ஊசியும் கொஞ்சம் நகர்ந்தது என்பது நியாயமான ஆட்சேபம். நகர்ந்ததாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் சில டிகிரிகள். இந்தியா கடந்ததோ 70 டிகிரிக்கு மேல். ராஜ்மஹால் குழம்பு கண்டம் பிளந்தபோது விரிசல் வழியே வந்ததே, வெப்பப்புள்ளி தேவையில்லை என்பாரும் உண்டு. ராஜ்மஹாலை மட்டும் தனியே பார்த்தால் அதை மறுப்பது கடினம். அதற்கும் கடலடித் தொடரில் வடக்கே துளையிட்ட இடத்துக்கும் நடுவே மூன்றரைக் கோடி ஆண்டு இடைவெளி வண்டலில் புதைந்தும் கிடக்கிறது. ஆனால் விரிசலுக்கு வயதை வரிசைப்படுத்திக் காட்ட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. இந்தத் தொடர் வரிசையாகக் காட்டுகிறது. வெப்பப்புள்ளி 49 டிகிரி தெற்கில் இருக்க, தொடர் 31 டிகிரியிலேயே நின்றுவிடுவது ஏன் என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியத் தட்டையும் அண்டார்க்டிக் தட்டையும் பிரிக்கும் கடலடிப் பிளவு ஊசியைத் தாண்டி வடக்கே போய்விட்டது. துணி மாறிவிட்டது. அண்டார்க்டிக் தட்டு மிக மெதுவாக நகர்வதால் அங்கே தையல் நீளவில்லை, ஒரே பகுதியில் கெர்குலன் மேட்டின்மேல் குவிகிறது. அந்த மேட்டிலுள்ள ஹெர்ட் தீவில் பனி மூடிய மாசன் சிகரத்திலிருந்து இன்றும் குழம்பு வழிகிறது.