மாடிப்படியில் ஓடிய மாணவன்

1850-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி விடுதியில் ஒரு மாணவன் இரவு இரண்டு மணிக்கு ஓடுவான். மேல்தளத் தாழ்வாரத்தில் ஓடி, படியிறங்கி, கீழ்த்தளத் தாழ்வாரம் முழுக்க ஓடி, மறுபடி படியேறி, இப்படியே அரை மணி நேரம். தூக்கம் கெட்ட அறைக்காரர்கள் கதவோரம் காத்திருந்து, அவன் கடக்கும்போது பூட்ஸையும் தலைவாரும் பிரஷ்ஷையும் எறிவார்கள். எறி வாங்கியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒளியையும் பின்னாளில் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தவர்.

பள்ளித் தோழர் லூயிஸ் கேம்ப்பெல், வில்லியம் கார்னெட்டுடன் சேர்ந்து 1882-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இந்த ஓட்டம் வருகிறது. மேக்ஸ்வெல் தன் தூக்கத்தை இரண்டு துண்டாக வெட்டியிருந்தார். மாலை ஐந்திலிருந்து ஒன்பதரை வரை ஒரு தூக்கம், பத்திலிருந்து இரண்டு வரை கடும் படிப்பு, அரை மணி ஓட்டம், பிறகு ஏழு மணி வரை மறுதூக்கம். இதை முதலில் படித்தபோது எனக்குச் சென்னை அண்ணா நகர்தான் நினைவுக்கு வந்தது. அங்கே சிவில் சர்வீஸ் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளின் அறைச் சுவர்களில் இப்படித்தான் டைம்டேபிள் ஒட்டியிருக்கும். நாலு மணிக்கு எழுவது, மதியம் இருபது நிமிஷம் படுப்பது, சாப்பிடும்போது கரண்ட் அஃபேர்ஸ் கேட்பது.

மேக்ஸ்வெல் எழுத வேண்டிய பரீட்சைக்கு டிரைப்பாஸ் என்று பெயர். ஜனவரிக் குளிரில் எட்டு நாள், செனட் ஹவுஸ் என்ற மண்டபத்தில். கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவர்களை ராங்ளர் என்பார்கள். முதலாமவன் யார், இரண்டாமவன் யார் என்று பட்டியல் வெளியாகும். வாழ்நாள் முழுக்க அந்த எண் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். தனியாகக் காசு வாங்கிக்கொண்டு பயிற்சி தரும் ஆசான்கள் இருந்தார்கள். வில்லியம் ஹாப்கின்ஸ் அவர்களில் பெரியவர். மேக்ஸ்வெலும் அவரிடம்தான் படித்தார். கோச்சிங் சென்டர் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை.

1853 கோடையில் மேக்ஸ்வெல் விழுந்தார். கல்லூரித் தேர்வு முடிந்த கையோடு, நண்பன் ஒருவனின் உறவினரான டேய்லர் என்ற பாதிரியாரின் வீட்டுக்கு, சஃபோக் பகுதியில் ஓட்லி என்ற கிராமத்துக்குப் போயிருந்தார். அங்கே காய்ச்சல் கண்டது. மூளைக் காய்ச்சல் என்றும், அளவுக்கு மீறிய உழைப்பின் விளைவு என்றும் அன்றைக்குச் சொன்னார்கள். எழுந்து உட்கார்ந்தாலே மயக்கம். அந்தக் குடும்பம் அவரைத் தங்கள் பிள்ளை போல வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டது. சிறு வயதிலேயே தாயை இழந்து, அப்பாவின் ஒரே பிள்ளையாக வளர்ந்தவர் அவர். ஒரு நிறைந்த வீட்டில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படி அன்பாக இருக்கிறார்கள் என்பதைப் படுக்கையில் கிடந்து பார்த்தார். அந்த நாட்கள் தனக்குள் எதையோ மாற்றிவிட்டன என்பதைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை.

இந்த ஓட்லி வீட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த வீட்டாருக்கு அவர் எத்தனையாவது ராங்ளர் ஆவார் என்பதில் என்ன அக்கறை இருந்திருக்கும்? கஞ்சி குடித்தாரா, இரவு தூங்கினாரா என்பதுதான் கேள்வியாக இருந்திருக்கும். அடுத்த ஜனவரியில் பரீட்சை வந்தபோது ஸ்காட்லாந்திலிருந்து அப்பா கடிதம் எழுதினார். மண்டபத்தில் குளிரும், மணிக்கட்டுக்குக் கம்பளி உறை வாங்கிக்கொள், காலைச் சுற்றிக்கொள்ளப் போர்வை கொண்டுபோ என்று. மேக்ஸ்வெல் இரண்டாவது ராங்ளர். முதலிடம் எட்வர்ட் ரூத்துக்கு.

எல்லோருக்கும் ஓட்லி வாய்க்கவில்லை. 1859-ல் முதல் ராங்ளராக வந்த ஜேம்ஸ் வில்சன், பரீட்சைக்குப் பிறகு உடைந்துபோனார். தேறி எழுந்தபோது, கேம்பிரிட்ஜில் கற்ற உயர்கணிதம் அத்தனையும் மறந்துபோயிருந்தது.

டிரைப்பாஸ் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்த சூத்திரப் புத்தகம் ஒன்று கப்பலேறி, எப்படியோ கும்பகோணத்துப் பையன் ஒருவன் கைக்கு வந்தது. ராமானுஜன் அதில் மூழ்கினார். மற்ற பாடங்களில் தவறினார். அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போனது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பிறகு கொஞ்ச காலம் சாரங்கபாணி சன்னிதித் தெருவின் திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். பெற்றோருக்குக் கவலை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனாலும் சோறு போட்டார்கள். அந்தத் திண்ணையையும் ஓட்லியையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

என் அக்கா மகன் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு அப்படி வந்து சேர்ந்தான். சிவில் சர்வீஸ் பிரிலிம்ஸில் கட்-ஆஃப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோயிருந்தது. தவறான ஒரு விடைக்கு, அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறையும் பரீட்சை அது. எந்தெந்தக் கேள்வியில் போனது என்று அவன் மனம் ஓயாமல் எண்ணிக்கொண்டே இருந்தது. காலைப் பேப்பரை எடுத்தால் கை தானாகப் பென்சிலைத் தேடும், அடிக்கோடு போடும். ஆனால் என்ன படித்தாய் என்றால் சொல்லத் தெரியாது. “மண்டையில எதுவும் ஏறல சித்தி” என்றான், குரல் இறங்கி.

என் அம்மா அவனிடம் பரீட்சை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேங்காய் துருவச் சொன்னாள். ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனாள். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். அவன் மதியத்தில் தூங்க ஆரம்பித்தான், வாய் திறந்து, ஆழமாக. சில நாள் கழித்துப் பரணிலிருந்து பழைய தொடர்கதை பைண்டு ஒன்றை எடுத்து, விளம்பரங்களோடு சேர்த்து முழுக்கப் படித்து முடித்தான். கையில் பென்சில் இல்லை. அவன் ஐ.ஏ.எஸ். ஆகவில்லை. குரூப் 2 எழுதி, இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறான். வீட்டுக்கு வந்தால் இன்றும் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பது அவன்தான்.

படிக்கிற பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மணிக்கொரு இடைவேளை விடு, நடை போ, நீர் குடி. எல்லாம் சரிதான். ஆனால் மெயின்ஸும் இன்டர்வியூவும் சேர்த்து 2025 மதிப்பெண்ணுக்காக, அட்டெம்ப்டையும் வயதையும் எண்ணிக்கொண்டு இளமையைக் கொடுக்கிறவர்களுக்கு டைம்டேபிளுக்குத் தட்டுப்பாடு இல்லை. மதிப்பெண் கேட்காத ஒரு வீடு கிடைப்பதுதான் அரிது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வராமல் விடுதியிலேயே தங்கிவிடுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! “இந்தத் தடவையாவது கிளியர் ஆயிடுமா?” என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கும் உறவுக்குப் பயந்துதான்.

கேம்பிரிட்ஜ் அந்த வரிசைப் பட்டியலைக் கடைசியாக வெளியிட்டது 1909-ல். நம் ஊரில் பட்டியல்கள் இருக்கும். அதை மாற்ற நம்மால் ஆகாது. வாசலில் கேட்கும் கேள்வியை மாற்றலாம். வந்த பிள்ளை பல நாளாகத் தூங்கவில்லை, வாழ்க்கையே வேண்டாம் என்பது போலப் பேசுகிறது என்றால் தாமதிக்காமல் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம். மற்றபடி, சாப்பாடு போடுங்கள், தூங்க விடுங்கள், கைக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். ரிசல்ட்டை அவர்களாகச் சொல்கிற வரை தயவுசெய்து கேட்காதீர்கள்.