டர்னர் கேட்ட ஒரே கேள்வி

என் தங்கை ஐ.டி.ஐ-யில் இரண்டு வருட டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் படித்தவள். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள்.

முதலாளி சர்ட்டிஃபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தேய்ந்துபோன ஒரு ஷாஃப்ட்டையும், அதிலிருந்து கழற்றிய பேரிங்கையும் கையில் கொடுத்தார். “இந்த ஷாஃப்ட்டுக்கு டிராயிங் போட்டுக் கொண்டு வாம்மா. அதைப் பார்த்து எங்க டர்னர் புதுசா ஒண்ணு செய்வார். அவர் உன்கிட்ட ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. அதுதான் டெஸ்ட்” என்றாராம்.

அன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் வரைந்து, பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். கோடு கோடாக அவ்வளவு அழகு! “வேலை கிடைச்ச மாதிரிதான்” என்றேன் நான்.

அப்பா முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“பேரிங் உட்கார்ற இடத்துல 24.96-னு போட்டிருக்கியே சாமி?”

“மைக்ரோமீட்டர்ல அளந்தேன்ப்பா.”

“தேய்ஞ்ச இடத்தை அளந்தா, தேய்ஞ்ச ஷாஃப்ட்தான் புதுசா வரும். பேரிங் நம்பர் என்ன?”

6205. இந்த வகை பேரிங்கில் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 25 மில்லிமீட்டர்.

உடனே 25 என்று மாற்றினாள். அப்பா விடவில்லை. “சரியா 25 எந்த மெஷின்லயும் வராது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம்?”

தங்கை பாடப் புத்தகத்தின் டேபிளைப் புரட்டினாள். இந்த இடத்துக்கு ‘கே6’ என்ற அளவு. 25.002-க்குக் குறையக் கூடாது, 25.015-ஐத் தாண்டக் கூடாது. இடைவெளி ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை! குறைந்தால் பேரிங் வழுக்கிச் சுற்றி ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். கூடினால் இறுகிச் சூடாகும்.

“அப்போ லேத்தோட முடியாது, கிரைண்டிங் வேணும். அதை எழுதினியா? என்ன இரும்பு? பேரிங் ஏறுறதுக்கு முனையில சரிவு எவ்வளவு?” கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

“டர்னருக்கு இதெல்லாம் தெரியாதாப்பா?” என்று நான்தான் கேட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “தெரியும். ஆனா டிராயிங்ல இல்லாததைக் கேட்டா, ‘இதுகூடத் தெரியாதா’ன்னுவாங்க. கேட்காம நானா ஒரு அளவு வச்சுச் செய்வேன். தப்பாப் போனா ஜாப் ஸ்கிராப். எத்தனையோ தடவை சம்பளத்துல பிடிச்சிருக்காங்க.”

இதை அவர் வீட்டில் சொன்னதே இல்லை.

என் செய்தியில் பிழை வந்தால், இரண்டு நிமிடத்தில் திருத்தி அப்டேட் செய்துவிடுவேன். சீவி எடுத்த இரும்பை மறுபடி ஒட்ட முடியாது.

தங்கை விடியற்காலை இரண்டு மணிவரை உட்கார்ந்து முதலிலிருந்து வரைந்தாள். மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து போன். புது ஷாஃப்ட்டில் பேரிங் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதாம். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

டர்னர் கேள்வியே கேட்கவில்லையா என்றேன். ஒன்றே ஒன்று கேட்டாராம்.

“உங்க வீட்ல யாரும்மா லேத்துல இருக்கறது?”