காலிக் கோட்டையில் ஓர் இரவு

பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல், வெளிப்படுத்துதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. மனிதனின் குணங்களை வெளிப்படுத்துவதாலேயே பயணம் அப்பெயர் பெற்றது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் விளக்குகிறார்கள். உடன் வருபவரின் குணத்தையே அது வெளிப்படுத்தும் என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். காலிக் கோட்டையில் தனியே தங்கிய ஓர் இரவு, நம் குணத்தை நமக்கே வெளிப்படுத்திக் காட்டியது.

காணி உறுதி ஒன்றின் பிரதியைப் பெறுவதற்காகக் கொழும்பிலிருந்து கடலோரப் புகையிரதத்தில் காலிக்குச் சென்றோம். வழக்கமாக வீட்டாரில் ஒருவரேனும் உடன் வருவர். அம்முறை எவருக்கும் வசதிப்படவில்லை. இரவில் தனியே பயணம் செய்வதிலுள்ள தீங்கை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம். ஆகவே மாலைக்குள் திரும்பிவிடும் எண்ணத்துடனேயே புறப்பட்டோம். ஆனால் கந்தோர் வேலை முடியவில்லை. மறுநாள் காலை வருமாறு கூறிவிட்டார்கள்.

அன்று கோட்டை வாசலுக்கு எதிரேயுள்ள மைதானத்தில் கிரிக்கெட் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஊரெங்கும் விருந்தினர் கூட்டம். முதல் விடுதியில் இடமில்லை. இரண்டாவது விடுதியில் இருந்த இளைஞர் நம் தொப்பியையும் தாடியையும் பார்த்தார்; கையிலிருந்த பையைப் பார்த்தார்; "தனியாகவா வந்தீர்கள்?" என்று கேட்டார். ஆம் என்றோம். அறைகள் நிரம்பிவிட்டன என்றார். நமக்குப் பின்னால் வந்து நின்ற இருவருக்குச் சாவி கொடுக்கப்பட்டதைப் படியிறங்கும்போது கண்டோம். காரணத்தை நாம் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கும் காரணங்கள் சில உண்டு.

அஸர் நேரம் கடந்து, கோட்டைக்குள் பழைய ஒல்லாந்தர் காலத்து வீடொன்றில் இடம் கிடைத்தது. முருகைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்கள், தூண்கள் தாங்கிய முன் விறாந்தை, நடுவே திறந்த முற்றம், அதன் மூலையில் ஒரு கிணறு. நம் கைக்கு மிஞ்சிய வாடகைதான். எனினும் வேறு வழியில்லை. அறையின் சிறிய குளிர்சாதனப் பெட்டியில் மதுப் போத்தல்கள் இருந்தன. அவற்றை அகற்றித் தருமாறு கேட்டபோது, பராமரிப்பாளரான முதியவர் ஒரு சொல்லும் பேசாமல் எடுத்துச் சென்றார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு தொழுகை விரிப்பு இருந்தது. "கிப்லா இந்தப் பக்கம், ஹாஜியார். மேற்கில இருந்து கொஞ்சம் வடக்கே திரும்பணும்" என்றார். அப்போதுதான் அவரும் நம்மவர் என்பதை அறிந்தோம்.

ஓரிடத்தில் இறங்கித் தங்குபவர், அல்லாஹ்வின் பரிபூரணமான வார்த்தைகளைக் கொண்டு படைப்பினங்களின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடினால், அவ்விடத்தை விட்டு அகலும்வரை எதுவும் அவருக்குத் தீங்கிழைக்காது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஹவ்லா பின்த் ஹகீம் (ரலி) அறிவிக்கிறார்கள். பல்லாண்டுகளாக நம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்த அந்த துஆவை, அன்றுதான் தேவையுடையவராய் ஓதினோம்.

மஃரிபுக்கு மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலுக்குச் சென்றோம். 1904-இல் கட்டப்பட்ட அப்பள்ளி, தூரத்திலிருந்து பார்ப்போருக்கு ஒரு தேவாலயம்போல் தோன்றும். எதிரே 1939-இல் எழுந்த கலங்கரை விளக்கம். அதற்கப்பால் மதிலும் கடலும். இஷாவை ஊர் இமாமைப் பின்பற்றித் தொழுததால், பயணியாயினும் நான்கு ரக்அத்துகளையும் நிறைவாகவே தொழுதோம். பின்னர் மதில்மேல் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். 2004-இல் ஆழிப்பேரலை வந்தபோது இம்மதில் உள்ளே இருந்தோரைப் பெரிதும் காத்தது. வெளியே பேருந்து நிலையமும் கடைவீதியும் அழிந்தன. மதில் இருப்பவரைக் காக்கும். வருபவரை ஏற்பது வாசலின் வேலை.

காலியின் வாசல் தொன்மையானது. ஸெங் ஹவின் கப்பற்படை 1409-ஆம் ஆண்டுத் தேதியுடன் இங்கு நிறுத்திய கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. அதன் பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. 1911-இல் இவ்வூரில் கண்டெடுக்கப்பட்ட அக்கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதற்கும் முன்னர், 1344-இல் இப்னு பதூதா இங்கு வந்தார். இருபத்தொரு வயதில், 1325-இல், துணையின்றித் தஞ்சையிலிருந்து அல்ல, தொலைதூரத் தான்ஜியரிலிருந்து வீட்டை விட்டுப் புறப்பட்டவர் அவர். தூனிஸ் நகரை அடைந்தபோது, உடன் வந்த ஒவ்வொருவரையும் வரவேற்க ஆளிருக்க, தம்மிடம் ஸலாம் சொல்ல ஒருவருமில்லையே என்று அவர் அழுததாகவும், அதைக் கண்ட ஒரு ஹாஜி அருகில் வந்து ஆறுதலாகப் பேசியதாகவும் தம் பயணநூலில் எழுதியிருக்கிறார். அதே நூலில் காலியைப் பற்றி அவர் எழுதியது மிகக் குறைவு. கப்பல் தலைவர் இப்ராஹீம் என்ற முஸ்லிம் தம் வீட்டில் விருந்தோம்பினார் என்பதே அதன் சாரம். ஊரின் பெருமையாக அவர் நினைவில் நின்றது ஒரு வீட்டின் கதவுதான்.

விடுதிக்குத் திரும்பியபோது முதியவர் விறாந்தையில் அமர்ந்திருந்தார். அவ்வீடு முன்பு ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குரியது என்றும், சிறு வயதில் அங்கேதான் ஓதக் கற்றதாகவும் கூறினார். கோட்டைக்குள் அவ்வாறு கைமாறிய வீடுகள் பல. "இந்த விறாந்தையில முசாபிர்மார் படுப்பாங்க, ஹாஜியார். வீட்டுக்கார உம்மம்மா, பள்ளியில யாராவது தங்கியிருக்காங்களா என்று இஷாவுக்குப் பிறகு என்னை அனுப்பிக் கேட்பா. அவங்களுக்குச் சோறு போகாம அவ படுக்க மாட்டா" என்றார். பின்பு, "இப்பவும் ஆக்கள் வாறாங்கதான். காசு கட்டி வாறாங்க" என்று சிரித்தார்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. 2019-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓர் இரவு நம் நினைவுக்கு வந்தது. நம் ஊர்ப் பள்ளிவாசலின் நிர்வாக சபையில் நாம் பொறுப்பு வகித்த காலம். இஷாவுக்குப் பின் முஅத்தின் வீட்டுக்கு வந்து, வெளியூர்க்காரர் ஒருவர் பள்ளியின் வெளி விறாந்தையில் படுத்துக்கொள்ள இடம் கேட்பதாகக் கூறினார். மழை பெய்துகொண்டிருந்தது. நாம் எழுந்து சென்று பார்க்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. "காலம் சரியில்லை, கதவைப் பூட்டிவிட்டுப் போங்கள்" என்றோம். முஅத்தின் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். அம்மனிதர் எங்கே உறங்கினார் என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.

அன்றைய அச்சம் பொய்யானதல்ல. பள்ளிவாசல்கள்மேல் எத்தனை கண்கள் இருந்தன என்பதை நம் சமூகம் அறியும். ஆயினும் அச்சத்துக்குரிய மறுமொழி விசாரித்தல், விரட்டுதல் அன்று. நம் தொப்பியைப் பார்த்து அறை இல்லை என்ற இளைஞரை மனத்துக்குள் கடிந்துகொண்டே கோட்டைக்குள் நுழைந்திருந்தோம். அவரேனும் நம் முகத்தைப் பார்த்தார். நாமோ அதையும் செய்யவில்லை. நம்மிடம் வாடகை இருந்ததால் மூன்றாவது கதவு திறந்தது. அவரிடம் அதுவும் இருந்திருக்காது.

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான் (9:60). பெற்றோருக்கும் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு ஏவும் வசனத்திலும் வழிப்போக்கர் இடம்பெறுகிறார் (4:36). அவருக்குரியது நம் தயவு அன்று, உரிமை. பூட்டுப் போட்டபோது நம் சொத்தைக் காத்ததாக நினைத்தோம். உண்மையில் பிறர் உரிமையைத் தடுத்திருந்தோம். அவ்விரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. தஹஜ்ஜத் தொழுது, அந்த முகமறியா மனிதருக்காக துஆச் செய்தோம். பயணியின் துஆ ஏற்கப்படும் என்ற நபிமொழியே நம்பிக்கை தந்தது.

ஊர் திரும்பியதும் நிர்வாக சபையில் இதைச் சொன்னோம். நம் பிழையையும் சேர்த்தே சொன்னோம். ஒருவர் எதிர்த்தார், அவர் கேட்டவை நியாயமான கேள்விகளே. முடிவில் வெளி மண்டபத்தின் ஒரு பகுதி முசாபிர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அடையாள அட்டையின் பிரதியை வாங்கிப் பதிவேட்டில் எழுதுவது, இரண்டு பாய்கள், தலையணைகள், குடிநீர், ஒரு மின்விளக்கு, சாவி முஅத்தினிடம், இரவுச் சாப்பாடு மஹல்லாவின் வீடுகளிலிருந்து முறைவைத்து. அதிகச் செலவு எதுவுமில்லை.

இதுவரை மூவரே வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஸுபஹுக்குப் பின் பாயைச் சுருட்டி, மண்டபத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சென்றிருந்தார். பதிவேட்டில் அவர் பெயரைப் படித்தோம். இம்முறை பெயரேனும் தெரிகிறது.

உங்கள் ஊர்ப் பள்ளியின் கதவு இஷாவுக்குப் பின் எந்நிலையில் இருக்கிறது என்பதை ஒருமுறை சென்று பாருங்கள். நம் கதவைத் தட்டித் திரும்பிச் சென்றவர்களுக்கு அல்லாஹ் நல்லிடம் அளிப்பானாக. அவர்கள் விஷயத்தில் நம்மை மன்னிப்பானாக. ஆமீன்.